வாஷ்பேசின் நகரத்தின் வீழ்ச்சி

பிப்ரவரி 9

மருமகளுக்கு,

நீ போனை எடுப்பதில்லை. அதனால் உன் தொழிற்சாலை முகவரிக்கு எழுதுகிறேன். பயப்படாதே, எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. வீடும் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. நான் கேட்க வந்தது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி.

நீ விட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டரை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று பழுது பார்ப்பவரை வரச் சொன்னேன். உள்ளே இருப்பதைத் துடைத்துவிட்டுக் கொடுப்பதுதான் நல்லது என்று உட்கார்ந்தவர், சட்டென்று திரும்பி, "அம்மா, இங்க ஒரு கேம் பாதியில நிக்குது. ரொம்ப தூரம் விளையாடியிருக்காங்க. இதையும் அழிச்சிடவா?" என்றார்.

"காட்டுங்க" என்றேன்.

திரை முழுக்க ஒரு நாடு. மலை, ஆறு, கடல், நடுநடுவே ஊர்கள். ஒவ்வொரு ஊர் மேலும் பெயர் இருந்தது. தலைநகரம் சமையல்கட்டு. ஆற்றங்கரையில் மொட்டைமாடி. வடக்கே மலையடிவாரத்தில் வாஷ்பேசின். நம் வீட்டைப் பிரித்து உலகம் முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறான் என் பிள்ளை குண்டு.

பழுது பார்ப்பவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கீழே மூலையில் 'அடுத்த சுற்று' என்று ஒரு பொத்தான். சும்மா அழுத்தினேன். முரசு கேட்டது. குதிரைகள் வந்தன. வாஷ்பேசின் எரிந்து, அதன் மேல் சிவப்புக் கொடி ஏறியது.

நான் கை வைத்த முதல் நிமிஷமே ஒரு ஊர் போய்விட்டது. பழுது பார்ப்பவருக்கே போன் போட்டேன். "கவலைப்படாதீங்கம்மா, அவர் கடைசியா சேமிச்ச இடத்துக்கே திரும்பப் போயிடலாம்" என்று வழி சொன்னார். போய்விட்டேன். இப்போது வாஷ்பேசின் பத்திரமாக இருக்கிறது. ஆனால் சிவப்புக் கொடிக்காரர்கள் மலைக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறார்கள்.

வேலை பார்த்த காலம் முழுக்க ரயில் டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்தவள் நான். ஒருத்தர் முடித்து நகர்ந்தால்தான் அடுத்தவர் என்கிற ஏற்பாடு எனக்குப் புரியாததல்ல. ஆனால் என் முறை வரும்போது என்ன செய்வது என்று தெரியவில்லை. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதானே விளையாடுவீர்கள்? அவனைவிட நீ கெட்டிக்காரி என்று அவனே சொல்வான்.

சொல்ல விருப்பமிருந்தால் சொல்.

அத்தை


பிப்ரவரி 20

அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. ஆபீஸ் பெண் மேஜையில் வைத்துவிட்டு, "உங்களுக்குக் கடுதாசியெல்லாம் வருமா?" என்று சிரித்தாள்.

போனை நான் வேண்டுமென்றேதான் எடுப்பதில்லை. நீங்களும் அவரும் 'ம்' என்று இழுப்பது ஒரே மாதிரி இருக்கும். அதை வேலை செய்யும் இடத்தில் கேட்க முடியாது. வீட்டிலும் முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. நான் கிளம்பிய அன்று நாத்தனாரிடம், "புருஷன் போய் முழுசா ஒரு மாசம் ஆகல, கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வந்துச்சா பாத்தியா? கல்லு" என்று சொன்னீர்கள். நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். காது நன்றாகவே கேட்டது.

அது விளையாட்டு. அழித்துவிடுங்கள். அதிலேயே மிகக் கடினமான நிலை அது. அவர் எப்போதும் தன்னால் முடியாத நிலையில்தான் ஆரம்பிப்பார். பாதியில் மூச்சுத் திணறி என்னைக் கூப்பிடுவார்.

அழிக்கப் போவதில்லை என்றால் இதை மட்டும் செய்யுங்கள். முதலில் குதிரைப் படையைக் கலைத்துவிடுங்கள். அவருக்குக் குதிரை என்றால் உயிர். பார்க்க அழகாக இருக்கும் என்று வாங்கிக் குவிப்பார். அவ்வளவும் தானியத்தைத் தின்றுவிடும். உங்கள் முதல் எதிரி சிவப்புக் கொடி இல்லை, பஞ்சம். வில்லாளிகளை மலை மேல் ஏற்றுங்கள், தரையில் நிறுத்தாதீர்கள். புதிதாக எந்த ஊரும் கட்டாதீர்கள்.

அவ்வளவுதான்.


மார்ச் 1

மருமகளுக்கு,

சொன்னேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். எனக்கும்தான் கண்ணீர் வரவில்லை. அதை நீ யாரிடமும் போய்ச் சொல்லவில்லை.

குதிரைகளைக் கலைத்தேன். ஒவ்வொன்றாக அழுத்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. உண்மைதான், தானியம் ஏறியது. சமையல்கட்டில் ஜனங்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று ஒரு சிரித்த முகம் வந்தது.

காலையில் பாத்திரம் கழுவி, துணி உலர்த்திவிட்டு வந்து உட்கார்ந்தால் மதியம் வரை போகிறது. உன் நாத்தனார் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "என்னம்மா இது, சின்னப் புள்ள மாதிரி" என்றாள். "சும்மா இருடி, மொட்டைமாடியில கலவரம்" என்றேன். அவள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

ஒரு சந்தேகம். கடற்கரையில் சிடுமூஞ்சி என்று ஒரு ஊர் இருக்கிறது. துறைமுகம், மதில், கலங்கரை விளக்கம் எல்லாம் அங்கேதான். இருக்கிற நல்ல வில்லாளிகளில் பாதிப் பேரை அங்கேயே குவித்து வைத்திருக்கிறான். வடக்கே வாஷ்பேசினுக்கு ஆள் பற்றவில்லை. சிடுமூஞ்சியிலிருந்து கொஞ்சம் பேரை எடுத்துக்கொள்ளலாமா? அந்த ஊருக்கு எதற்கு இத்தனை காவல்? நம் வீட்டில் அப்படி ஒரு இடமும் இல்லையே.

அத்தை


மார்ச் 12

அத்தைக்கு,

சிடுமூஞ்சி என்பது இடம் இல்லை. நான்தான். அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். உங்கள் முன்னால் கூப்பிட்டதில்லை.

எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊருக்கு அவ்வளவு பேர் தேவையில்லை. மதிலே போதும். நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், கேட்க மாட்டார்.

இங்கே என் வேலை நிறம் பொருத்துவது. வாடிக்கையாளர் ஒரு சுவர்த் துண்டையோ கதவுச் சில்லையோ அனுப்புவார். அதே நிறத்தில் பெயின்ட் கலக்க வேண்டும். கலந்து, தகட்டில் பூசி, காய விட்டு, ஜன்னலோரம் கொண்டுபோய் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம். நாள் முழுக்க இதுதான். யாரும் என்னிடம் அதிகம் பேச மாட்டார்கள். அது பிடித்திருக்கிறது. பிடித்திருக்கிறது என்பதுகூட இல்லை, தொந்தரவு இல்லை.

சிவப்புக் கொடிக்கு ஒரு ராணி உண்டு. அவளிடம் இரும்பு கிடையாது. உங்களிடம் வாஷ்பேசினுக்குக் கீழே ஒரு இரும்புச் சுரங்கம் இருக்கிறது. 'பேச்சுவார்த்தை' என்பதை அழுத்தி, இரும்பு தருகிறேன், சமாதானம் கொடு என்று கேளுங்கள். முதல் முறை மறுப்பாள். வில்லாளிகளை மலையில் ஏற்றிவிட்டு மறுபடி கேளுங்கள். பலம் தெரிந்தால்தான் அவள் காது கொடுப்பாள். அவருக்குச் சமாதானம் பேசுவதே பிடிக்காது. "பேசிட்டே இருந்தா எப்படி ராஜா ஆகுறது?" என்பார்.

மருமகள்


ஏப்ரல் 2

மருமகளுக்கு,

ராணி இரும்பை வாங்கிக்கொண்டாள். சமாதானம் என்றாள். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் போனது. பிறகு, நான் கொடுத்த இரும்பிலேயே வாள் அடித்துக்கொண்டு வந்து வாஷ்பேசினைப் பிடித்தாள். நல்லவேளை, திரும்பப் போக வழி இருக்கிறது.

அடுத்த முறை இரும்பு கொடுக்கவில்லை. அப்போதும் வந்தாள். அதற்கடுத்த முறை இருக்கிற எல்லா ஆளையும் வாஷ்பேசினில் நிறுத்தினேன். இந்தப் பக்கம் மொட்டைமாடி போய்விட்டது. என்ன செய்தாலும் ஏதாவது ஒன்று போகிறது. மதில் கட்டினால் சரியாகுமா? கோயில் கட்டினால்? வாஷ்பேசினுக்கு நான் என்னதான் செய்வது?

முடிதிருத்தும் கடைக்காரர் போன வாரம் வீட்டுக்கு வந்தார். இத்தனை மாதம் என் முகத்தில் விழிக்கப் பயந்துகொண்டு தெருவைச் சுற்றிப் போவாராம். வாசலிலேயே நின்றார். "தூங்குறார்னு நெனச்சேம்மா. சில பேர் நாற்காலியிலயே தூங்கிடுவாங்க. காதோரம் முடிச்சிட்டு, 'சார், தலையைக் கொஞ்சம் நிமித்துங்க'ன்னு சொன்னேன். அப்பத்தான்..." என்றார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நான் கேட்டுக்கொண்டு நின்றேன். யார் வீட்டுப் பிள்ளையைப் பற்றியோ சொல்வதுபோல இருந்தது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்தால் அது யார் கையிலும் இல்லை என்று டாக்டர் நம்மிடம் சொன்னதை அவருக்கும் சொன்னேன். கும்பிட்டுவிட்டுப் போனார்.

போன பிறகு நான் வந்து மலை மேல் வில்லாளிகளை ஏற்றினேன்.

அத்தை


ஏப்ரல் 14

அத்தைக்கு,

உங்கள் கடிதங்களை எல்லாம் வரிசையாக வைத்துப் படித்தேன். நீங்கள் கேட்கிற எல்லாக் கேள்வியும் அதே இடத்தைப் பற்றித்தான். வாஷ்பேசின், மலை, ராணி. பிப்ரவரியிலிருந்து நீங்கள் முன்னால் நகரவே இல்லை. ஒரு ஊர் விழுந்ததும் அவர் நிறுத்திய இடத்துக்கே திரும்பப் போய்விடுகிறீர்கள்.

உங்கள் விளையாட்டில் தப்பு இல்லை. நீங்கள் கேட்பதால் சொல்கிறேன்: இந்த நிலையில் எதையும் இழக்காமல் தாண்டவே முடியாது. நானும் தாண்டியதில்லை. வாஷ்பேசின் போகும். அவர் அதை வைத்த இடமே தப்பு. அது போன பிறகு எல்லை சின்னதாகும், ஆள் மிச்சமாகும், மற்ற ஊர்களைக் காப்பாற்றலாம். எதை விடுவது என்பதை ராணி முடிவு செய்வதற்கு முன்னால் நீங்கள் செய்ய வேண்டும். அதுதான் இதில் இருக்கிற ஒரே தந்திரம். போனால் போகட்டும் என்று அடுத்த சுற்றை அழுத்துங்கள். திரும்பப் போகாதீர்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன், வேறு யார் வழியாகவாவது உங்கள் காதுக்கு வரக்கூடாது. நான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன். இங்கே டெஸ்பாட்சில், சரக்கு அனுப்பும் பிரிவில், மேற்பார்வை பார்ப்பவர். முதல் மனைவி விவாகரத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதிகம் பேச மாட்டார். நானும் பேசுவதில்லை. ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அவரைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் தனியாக ஜன்னலோரம் தகட்டைப் பார்த்துக்கொண்டே கிழவியாகிவிடுவேனோ என்று ஒருநாள் தோன்றியது. அவ்வளவுதான் காரணம்.

மருமகள் என்று எழுதுவதா என்று தெரியவில்லை.


மே 19

அத்தைக்கு,

பதில் இல்லை. எதிர்பார்த்ததுதான். பதில் கேட்டுக் கதவைத் தட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். போன கடிதத்தில் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். வாஷ்பேசினை விடுவதற்கு முன்னால் அங்கே இருக்கிற ஜனங்களைச் சமையல்கட்டுக்குக் குடிபெயர்த்துவிடலாம். ஊர் மேல் அழுத்தினால் கடைசியில் அந்த வழி இருக்கும். ஊர்தான் போகும், ஆட்கள் போக மாட்டார்கள்.


ஜூன் 23

உனக்கு,

ஏப்ரல் கடிதத்தை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன். உன்னைத் திட்ட வேண்டும் என்று சமையல் செய்யும்போதெல்லாம் வாக்கியம் வாக்கியமாகச் சேர்த்தேன். 'சுடுகாட்டுப் புகை அடங்கல, அதுக்குள்ள' என்று ஆரம்பிக்கும். எழுத உட்கார்ந்தால் கை ஓடாது. கோபம்கூட முழுசாக வரவில்லை. வந்திருந்தால் உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

உன் நாத்தனாரிடம் சொன்னேன். அவள்தான் எனக்கும் சேர்த்துக் கத்தினாள். "அவ எப்படிம்மா? நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரிதானே வச்சிருந்தோம்!" என்றாள். "பொண்ணு மாதிரி வச்சிருந்தா கட்டிக் கொடுத்துத்தானே ஆகணும்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்குத்தான் துண்டை எடுத்தேன்.

நீ சொன்னபடி ஜனங்களைக் குடிபெயர்த்தேன். சின்னச் சின்ன ஆட்கள், மூட்டையோடு, வரிசையாக ஆற்றைக் கடந்து வந்தார்கள். பிறகு அடுத்த சுற்றை அழுத்தினேன். ராணி வந்தாள், காலி ஊரை எரித்தாள். முரசு கேட்டது. என் கை தானாகத் திரும்பப் போகும் பொத்தானுக்குப் போனது. கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தேன். அப்புறம் எடுத்துவிட்டேன்.

அதற்கப்புறம் எல்லாம் அவன் பார்க்காத இடம். புதுக் காடு, புது ஆறு, பெயர் தெரியாத ஜனங்கள். மொட்டைமாடி போனது. கொல்லைப்புறம் கலகம் செய்து தனிநாடாகிவிட்டது, சனியன். சமையல்கட்டு நின்றது. சிடுமூஞ்சி கடைசிவரை விழவில்லை. நேற்று மதியம், விளையாட்டின் வருஷங்கள் முடிந்துவிட்டன, ஆட்டம் முடிந்தது என்று தானாகவே நின்று, யார் யாருக்கு எந்த இடம் என்று காட்டியது. ஆறு ராஜ்யத்தில் நமக்கு நாலாவது இடம். ராணி முதலிடம்.

தோற்றுவிட்டோம். சொல்ல வேண்டும் என்று தோன்றியது, உன்னைத் தவிர இது யாருக்குப் புரியும்?

அந்த மனிதர் குடிப்பாரா? குரலை உயர்த்துவாரா? இதற்குப் பதில் எழுது.

அத்தை


ஜூலை 5

அத்தைக்கு,

குடிக்க மாட்டார். குரல் உயர்த்தினால் லாரிக்காரர்களிடம் மட்டும்; அதுவும் அவர்களுக்குக் கேட்பதில்லை.

அந்த நிலையில் நாலாவது இடம் என்பது தோல்வி இல்லை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே ஐந்தாவது இடத்தைத் தாண்டியதில்லை. இதைச் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை.

கல்யாணம் பதிவு அலுவலகத்தில், ஜூலை கடைசி வெள்ளிக்கிழமை. என் அப்பா அம்மா வர மாட்டார்கள். "ஒரு தடவை செஞ்சு அனுப்பியாச்சு, எங்க கடமை முடிஞ்சுது" என்று அப்பா போனை வைத்துவிட்டார். என் பக்கம் சாட்சிக் கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும். ஆபீஸ் பெண் நான் வருகிறேன் என்கிறாள். நல்லவள்தான். ஆனால் அவளுக்கு என்னை என்ன தெரியும்?

கேட்கக் கூடாததைக் கேட்கிறேன். முடியாது என்றால் பதில் போட வேண்டாம், புரிந்துகொள்வேன்.


ஜூலை 11

வருகிறேன். வியாழன் மாலை வண்டி. ஜன்னலோர இருக்கை கிடைத்தது. கவுன்ட்டரில் இருக்கிற பெண் என்னிடம் வேலை பழகியவள்.

உன் நாத்தனாரிடம் சொல்லவில்லை. வந்து சொல்லிக்கொள்கிறேன்.

அத்தை


ஆகஸ்ட் 4

மருமகளுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உன் நாத்தனாரிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். பிறகு, "அவ என்ன கலர் புடவை?" என்று கேட்டாள். சொன்னேன்.

பதிவு அலுவலகத்தில் ஒன்று நடந்தது, உனக்குத் தெரியாது. நீ ஜெராக்ஸ் எடுக்க வெளியே போயிருந்தாய். உன் டெஸ்பாட்ச்காரர் என் பக்கத்தில், பெஞ்சின் நுனியில், ஊசி மேல் உட்கார்ந்ததுபோல உட்கார்ந்திருந்தார். எழுத்தர் என்னைக் கூப்பிட்டு, "பொண்ணு தரப்புச் சாட்சி நீங்களா? பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்?" என்றார்.

"மாமியார்."

"அப்ப நீங்க மாப்பிள்ளை தரப்பும்மா. அந்தப் பக்கம் போய் நில்லுங்க."

"இல்ல சார். நான் பொண்ணு தரப்புதான். பொண்ணோட மாமியார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், நீ போன வாசலைப் பார்த்தார். ஆயிரம் கல்யாணம் பார்த்த மூஞ்சிதான், ஆனாலும் குழம்பிவிட்டது. பின்னால் வரிசையில் நின்ற ஒரு ஆள், "என்னங்க அங்க லேட்டு?" என்று சத்தம் போட்டான். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்று அதைக் கேட்பது எனக்குப் புதிது.

"என் பையன் தவறிட்டான் சார். இவ என் மருமக. வேற உறவு எதுவும் எனக்குத் தெரியாது. இதையே எழுதிக்குங்க" என்றேன்.

அவர் எழுதினார். எழுதிவிட்டு எனக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். உன் டெஸ்பாட்ச்காரர் எழுந்துபோய் அவரே தூக்கிக்கொண்டு வந்தார். நான் உட்கார்ந்த பிறகும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டே நின்றார். "பரவால்ல தம்பி" என்றேன். அதற்குள் நீ வந்துவிட்டாய்.

நீ ஸ்டேஷனில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். ஆசீர்வாதம், புத்திமதி, ஏதாவது. ஒன்றும் வரவில்லை. வண்டி நகர்ந்த பிறகும் வரவில்லை. எதிரே ஒரு குடும்பம் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த ஸ்டேஷனில் சாப்பாட்டுப் பொட்டலம் விற்றுக்கொண்டு ஒருவன் போனான். எனக்குப் பசித்தது. இந்த ஒரு வருஷமாக நேரம் ஆகிவிட்டதே என்றுதான் சாப்பிடுகிறேன். பசித்துச் சாப்பிட்டதாக நினைவில்லை. ஒன்று வாங்கிச் சாப்பிட்டேன். வண்டி கிளம்புவதற்குள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவனைக் கூப்பிட்டு இன்னொன்றும் வாங்கினேன்.

அத்தை